ஸ்விஃப்ட் 14 இஞ்ச் வீலை 16 ஆக்கினால் சட்டச் சிக்கல் வருமா?

கேள்வி:
2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. டயர் 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்க உயரம் அதில் 80%, ரிம் 14 இஞ்ச்), ஸ்டீல் ரிம். 16 இஞ்ச் அலாய் வீலில் 195/55 போடலாம் என்று இருக்கிறேன். கடையில் 17 இஞ்ச், 205/50 கூட உட்காரும் என்கிறார்கள். போலீஸ், இன்சூரன்ஸ் பக்கம் என்ன பிரச்சினை வரும்?

பதில் 1:
உட்காருவது வேறு, அனுமதி வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே சட்டத்தின் 182ஏ(4) பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இதே மாடலின் இசட்எக்ஸ்ஐ வேரியண்ட் 185/65 ஆர்15-இல்தான் வந்தது. தயாரிப்பாளரே கொடுத்த அளவு என்பதால் உங்களுக்குப் பத்திரமான வழி அதுதான். டிரைவர் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரையும் மேனுவலையும் பாருங்கள். அலாயில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்க வேண்டும். பில்லை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் காட்டி, அலாயை பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்காத அலாய் உடைந்தால் அதற்குப் பணம் கேட்க முடியாது.

பதில் 2:
கணக்கைப் பாருங்கள். உங்கள் டயரின் விட்டம் 619.6 மி.மீ. 185/65 ஆர்15 என்றால் 621.5, 195/55 ஆர்16 என்றால் 620.9. 205/50 ஆர்17 மட்டும் 636.8, அதாவது 2.8% அதிகம். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் கிட்டத்தட்ட 103-இல் போவீர்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கர வளைவின் உள் லைனரில் உரசவும் கூடும். 17-ஐ விட்டுவிடுங்கள்.

ஆஃப்செட்டைத்தான் பலர் கவனிப்பதில்லை; ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. 6ஜே, இடி45 ரிம்மிலிருந்து (6 இஞ்ச் அகலம், 45 மி.மீ. ஆஃப்செட்) 7ஜே, இடி35-க்குப் போனால் வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வரும் (அகலத்தால் 12.7, ஆஃப்செட்டால் 10). டயர் ஃபெண்டரைத் தாண்டி நிற்கும், பேரிங்குக்கும் சுமை கூடும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையின் குறியீடு) ஒரிஜினலை விடக் குறையக் கூடாது. 85 என்றால் டயருக்கு 515 கிலோ.

கேள்வி கேட்டவர்:
சரி, 15-ஏ போடுகிறேன். வெளிக்கடை அலாய்க்குப் பழைய நட்டே போதுமா?

பதில் 3:
அலாய் ஓட்டையின் இருக்கை கூம்பா, பந்து வடிவமா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். நட்டின் வடிவம் அதோடு பொருந்தாவிட்டால் ஓட ஓடத் தளரும். த்ரெட் எம்12 × 1.25, கையால் 9, 10 சுற்றாவது ஏற வேண்டும். பிசிடி 4×100 (100 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட்), ஹப் (சக்கரத்தின் நடு ஓட்டையில் நுழையும் பாகம்) 54.1 மி.மீ. வெளிக்கடை அலாயின் நடு ஓட்டை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளிக்குச் சரியான அளவு ஹப் ரிங் போடாவிட்டால், பேலன்ஸ் செய்தும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் ஆடலாம். ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே வைக்கும் தட்டு) போட்டுச் சமாளிக்கச் சொன்னால் அந்தக் கடையே வேண்டாம்.

நட்டை ஏர் கன்னால் முறுக்கி முடிக்க விடாதீர்கள். டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) மேனுவல் சொன்ன அளவுக்கு, குறுக்கும் நெடுக்குமாக முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.