பழைய ஆர்வி வாங்கியிருக்கிறோம். ராத்திரியில் பத்திரமாகத் தங்குவது எப்படி?

நீலவானம்:
எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடப் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடு போலவே இருக்கும் ஆர்வி வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். நான், கணவர், ஏழு வயது மகள். அடுத்த மாதம் எங்கள் முதல் பயணம், மூன்று வாரம். பெரும்பாலும் இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்குவதற்கான கேம்ப்கிரவுண்டில்தான் தங்கப் போகிறோம். நடுவில் நாலைந்து ராத்திரி ஆள் நடமாட்டம் இல்லாத இடங்களில் நிறுத்த வேண்டி வரும். எனக்கு அந்த ராத்திரிகளை நினைத்தால்தான் பயம். யாராவது வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? கதவுக்கு இன்னொரு பூட்டு, வெளியே கேமரா, ஆள் வந்தால் எரியும் விளக்கு, இவ்வளவும் வாங்கலாம் என்றிருக்கிறேன். வேறு என்ன வேண்டும்?

வண்டிவீடு:
நீலவானம், ஒன்பது வருடமாக நானும் என் கணவரும் இப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். ராத்திரி பயம் எனக்கும் முதல் வருடம் முழுக்க இருந்தது. அதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், தூக்கத்திலேயே எங்கள் உயிரை எடுக்கப் பார்த்தது எது என்று சொல்லிவிடுகிறேன்.

நாலாவது வருடம், நல்ல குளிர். கேம்ப்கிரவுண்டில் எங்களுக்குப் பக்கத்தில் பத்து மணிக்கு மேல் ஒரு வண்டி வந்து நின்று ஜெனரேட்டரைப் போட்டது. அதன் புகைக்குழாய் எங்கள் படுக்கை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. காற்று வரட்டும் என்று அந்த ஜன்னலை நாங்கள் ஒரு சாண் திறந்து வைத்திருந்தோம். இரண்டு மணி சுமாருக்குக் கார்பன் மோனாக்சைடு அலாரம் கத்தியது. பேட்டரி தீர்ந்துவிட்டது போல என்று நினைத்து, அரைத்தூக்கத்தில் அதை அணைக்கக் கையை நீட்டினேன். என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "தலை விண் விண்ணென்று தெறிக்கிறது" என்றார். அப்போதுதான் எனக்கும் வலிப்பது உறைத்தது. செருப்புகூடப் போடாமல் இரண்டு பேரும் வெளியே ஓடினோம். பக்கத்து வண்டிக்காரர் பாவம், பதறிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினார்.

அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற வேண்டிய இடத்தில் அது ஏறிக்கொள்ளும். தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போய்விடுவார். அதனால் தூங்கும்போது ஜெனரேட்டர் வேண்டாம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உட்காருவதும் வேண்டாம். சமைக்கும்போது எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டு ஒரு ஜன்னலையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் வண்டி வந்து நின்றால் அதன் புகைக்குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இப்போதே எழுந்து போய் உங்கள் வண்டியில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு டிடெக்டரை (அந்த அலாரம் கருவியை) கழற்றித் திருப்பிப் பாருங்கள். பின்னால் தயாரித்த தேதி இருக்கும். இந்தக் கருவிகளுக்கு ஆயுள் உண்டு. பல வகைகளுக்கு ஐந்திலிருந்து பத்து வருடம்தான். பட்டனை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது சத்தம் வருகிறதா என்று மட்டும்தான் காட்டும், உள்ளே இருக்கும் சென்சார் செத்திருக்கலாம்.

சமையல் கேஸ் கசிவுக்குத் தனி டிடெக்டர். அந்த கேஸான புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தரையில் போய்த் தேங்கும். அதனால் அந்தக் கருவி தரையை ஒட்டி இருக்கும். அதன் முன்னால் செருப்பையோ பையையோ வைத்து மறைக்காதீர்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழி வரும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வை மூடிவிடுவது எங்கள் வழக்கம். கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் எரிபொருள் போடும் இடத்துக்குள் நுழைவதற்கு முன்பே கட்டாயம் அணைத்துவிடுங்கள். அதற்குள்ளே ஒரு தீச்சுடர் எரிந்துகொண்டிருக்கிறது.

அப்புறம், படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர ஜன்னல். பழைய வண்டிகளில் அதன் ரப்பர் ஒட்டிக்கொள்ளும். எங்களுடையதை முதல் தடவை திறக்க என் கணவர் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. நெருப்பு பிடித்தால் அதற்கெல்லாம் நேரம் இருக்காது. உங்கள் மகள் தானாகவே அதைத் திறந்து இறங்கிப் பழகட்டும். கீழே தரை நல்ல ஆழத்தில் இருக்கும், விளிம்பும் கிழிக்கும். போர்வையை விளிம்பில் போட்டு, குப்புறப் படுத்து, காலை முதலில் இறக்கச் சொல்லிக்கொடுங்கள்.

சரி, ராத்திரி விஷயம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் காரணம் தேட வேண்டாம், கிளம்பிவிடுங்கள். நிறுத்தும்போதே வண்டியின் மூக்கு வெளியே போகும் பாதையைப் பார்த்து இருக்கட்டும். ஆளில்லாத இடத்தில் நாற்காலி போடுவது, வெய்யில் மறைப்பை விரிப்பது எதுவும் வேண்டாம். சாவி எப்போதும் ஒரே கொக்கியில் தொங்க வேண்டும். யாராவது தட்டினால் கதவைத் திறக்காமல் உள்ளிருந்தே பேசுங்கள். மோட்டார்ஹோமில் கீழே இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடலாம். பூட்டைவிட எனக்குத் தைரியம் தருவது அதுதான். எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதைத் தினமும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். காய்ந்த ஆற்றுப் படுகையில் மட்டும் நிறுத்தவே வேண்டாம். மேலே எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே வெள்ளம் வரும்.

நெடுவழி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: டயர். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. ஆர்வி மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் டயரின் பள்ளம் தேயாமல் புதுசு போலவே தெரியும், ரப்பர் மட்டும் இறுகிப் போயிருக்கும். எனக்கு முன்சக்கரம் வெடித்தபோது அதன் பள்ளத்தில் பாதிகூடத் தேயவில்லை. வயது எட்டு வருடம். ஸ்டியரிங் கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் பிரேக்கை மிதித்திருந்தால் கவிழ்ந்திருப்போம். ஸ்டியரிங்கை நேராக இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டினேன்.

சாமானெல்லாம் ஏற்றித் தண்ணீரும் நிரப்பிய பிறகு ஒரு தடவை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே நூறு கிலோ. வண்டியின் உயரத்தை எழுதி ஓட்டுநர் கண்ணெதிரே ஒட்டுங்கள், தாழ்வான பாலங்கள் நிறைய வரும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் இறங்குங்கள். ஓடும்போது பாப்பா படுக்கையில் விளையாட வேண்டாம், பெல்ட் போட்ட இருக்கையில்தான்.

மின்மினி:
கேம்ப்கிரவுண்ட் மின் இணைப்பைக் கொடுத்த பிறகு வண்டியின் உலோகப் பகுதியையோ கதவுப் பிடியையோ தொட்டால் லேசாகச் சுர்ரென்று இருக்கிறதா? சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். எர்த் சரியில்லை, வண்டியின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தை தொட்டால் உயிருக்கே ஆபத்து. முதலில் மின் இணைப்பு கொடுத்திருக்கும் கம்பத்தின் பிரேக்கரை அணையுங்கள். பிளக் சொருகுவதற்கு முன்பே இணைப்பைச் சோதிக்கும் சிறு டெஸ்டர் கிடைக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நீலவானம்:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலையிலேயே பார்த்துவிட்டோம். இரண்டு டிடெக்டரும் வண்டியோடு வந்தவை, பத்து வயது. பட்டனை அழுத்தினால் நன்றாகச் சத்தம் வருகிறது! புதியது இரண்டும் வாங்கியாயிற்று. டயரில் நாலு ஒரே வருடத்தவை, பின்னால் உள்ளே இருக்கும் இரண்டும் அவற்றைவிடப் பழையவை. கணவர் டார்ச் அடித்துப் படுத்துப் பார்த்துத்தான் எண்ணைப் படித்தார். ஆறையும் மாற்றுகிறோம், பயணம் இரண்டு வாரம் தள்ளிப்போகிறது.

அவசர ஜன்னல் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ரப்பரைத் துடைத்துப் பத்துத் தடவை திறந்து மூடிய பிறகு இலகுவாகிவிட்டது. மகள் முதல் தடவை அழுதாள். மூன்றாவது தடவை நான் கையே கொடுக்கவில்லை, தானாகவே இறங்கிவிட்டாள். நாளைக்கு விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் ஒரு தடவை செய்து பார்க்கப் போகிறோம்.