சூரிச் தியேட்டரில் இடைவேளை உண்டா, இல்லையா?

ஊர்சுற்றி:
ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து போகிறேன். மலையும் ஏரியும் அப்புறம். முதலில் லொகார்னோ திரைப்பட விழா. பியாட்சா கிராந்தே சதுக்கத்தில் 8,000 பேரோடு திறந்தவெளியில் உட்கார்ந்து படம் பார்க்க வேண்டும். மழை வந்தாலும் அங்கே படத்தை நிறுத்த மாட்டார்களாம். சூரிச்சிலும் சில தியேட்டர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். பாப்கார்ன் விற்பதற்காகப் படத்தைப் பாதியில் வெட்டும் கொடுமை நம் ஊரோடு சரி. ஐரோப்பாவில் இடைவேளையே கிடையாது.

வைகைக்கரை:
கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டவரே இப்படி எழுதலாமா? சூரிச்சில் பெரிய தியேட்டர்களில் படத்தைப் பாதியில் நிறுத்தி விளக்கைப் போடும் வழக்கம் உண்டு. துருக்கியிலும் ஐஸ்லாந்திலும் உண்டு. நம் ஊரை மட்டம் தட்டுவதற்கு முன் போகிற ஊரைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

ஊர்சுற்றி:
நான் பாரிஸில் பார்த்தவன். கிராண்ட் ரெக்ஸ், 1932இல் திறந்த அரங்கம், மேலே நட்சத்திர வானம் மாதிரி கூரை. படம் முடியும்வரை பக்கத்துச் சீட்டில் ஒருவர்கூட எழவில்லை. அதுதான் ரசனை.

வைகைக்கரை:
பாரிஸைப் பற்றி யார் கேட்டார்கள்? கேட்டது சூரிச். அங்கே நிறுத்துவார்களா, மாட்டார்களா?

மலைக்கோட்டை:
அதே கிராண்ட் ரெக்ஸில்தான் 2017இல் மெர்சல் ஓடியது. நம் ஆட்கள் போனால் விசில் இல்லாமலா? அதுவும் ரசனைதான் ஐயா.

ஊர்சுற்றி:
விசிலை ரசனை என்று சொல்கிறவரோடு நான் பேசுவதில்லை. போன வருடம் கோலாலம்பூர் தியேட்டர் விவாதத்திலும் இப்படித்தான் நடுவில் புகுந்து குழப்பினீர்கள்.

மலைக்கோட்டை:
அன்றைக்கு நான் சொன்னது சரி, இன்றைக்கும் சரி. அங்கே பார்த்த தமிழ்ப் படத்தில் ‘இடைவேளை’ என்று எழுத்து வந்தது, விளக்குப் போடவில்லை, அடுத்த நொடியே சண்டைக்காட்சி. இயக்குநர் மெனக்கெட்டு அமைத்த திருப்பம் வீணாய்ப் போனது. நம் படங்களுக்கு இடைவேளை திரைக்கதையின் ஒரு பாகம்.

பேர்ன் அக்கா:
தம்பிமார், நான் இருக்கிறது பேர்னில். இங்கே கனக்கத் தியேட்டர்களில் நிப்பாட்டுவார்கள். நாயகி வாயைத் திறந்தபடி நிற்க, படம் அப்படியே அணைந்துவிடும். சனம் ஐஸ்கிரீம் வாங்கப் போகும். நிப்பாட்டாத சின்ன அரங்குகளும் இருக்கு. ஊர்சுற்றித் தம்பி கவனிக்க வேண்டியது வேறு: சில காட்சிகள் ஜெர்மன் டப்பிங். மூலமொழிக் காட்சி என்றால் கீழே ஜெர்மனும் பிரெஞ்சும் இரண்டு வரியாக ஓடும். நேரப்பட்டியலைப் பார்த்து டிக்கெட் எடுங்கோ.

ஊர்சுற்றி:
நன்றி அக்கா. நிறுத்தாத அரங்குகள் உண்டு என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் போகப்போவது அங்கேதான். ஆக, நான் சொன்னது நிற்கிறது.

வைகைக்கரை:
எங்கே நிற்கிறது? ‘ஐரோப்பாவில் இடைவேளையே கிடையாது’ என்று எழுதியது யார்? பேர்னில் குடியிருக்கிற அக்காவே நிறுத்துவார்கள் என்கிறார். சூரிச்சில் உண்டா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் வராது.

மலைக்கோட்டை:
2024இல் வந்த தி புரூட்டலிஸ்ட் படத்தில் இயக்குநரே 15 நிமிட இடைவேளை வைத்தார். அதுவும் பாப்கார்ன் வியாபாரமா?

ஊர்சுற்றி:
இயக்குநர் வைத்தால் அது கலை. தியேட்டர்காரர் கண்ட இடத்தில் வெட்டினால் அது வியாபாரம். நம் ஊரில் ஆங்கிலப் படத்தை வசனத்தின் நடுவிலேயே வெட்டுகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நாலு ஊர் பார்த்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

வைகைக்கரை:
நாலு ஊர் பார்த்தவருக்கு நான் கேட்ட ஒரு ஊர் தெரியவில்லை. சூரிச்!

பேர்ன் அக்கா:
டப்பிங் விஷயத்தை ஒருத்தரும் காதில் போடவில்லை.

ஊர்சுற்றி:
பார்த்தேன் அக்கா, குறித்துக்கொண்டேன். வைகைக்கரைக்கு: ஆகஸ்டில் நேரில் பார்த்துவிட்டு எழுதுகிறேன். நிறுத்தாத தியேட்டரின் பெயரோடு.

வைகைக்கரை:
நிறுத்துகிற தியேட்டரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.