டெக்கன் 8: காசுயாவைப் பிடிப்பதா, ஜின்னுக்கு மாறுவதா?

வணக்கம் நண்பர்களே. டெக்கன் என்ற சண்டை வீடியோ கேம் தொடருக்கு டெக்கன் 3 காலத்திலிருந்து ரசிகன் நான். அப்போது எடி கோர்டோ என்ற கதாபாத்திரத்தை வைத்து உதை பட்டன்களை மாறி மாறித் தட்டினாலே பாதி ஆட்டம் ஜெயிக்கலாம். இப்போது டெக்கன் 8-ல் காசுயா என்ற கதாபாத்திரத்தை முறையாக ஆடக் கற்றுக்கொள்ள ஆசை. ஐந்து வயதில் சொந்த அப்பன் ஹெய்ஹாச்சியால் மலையிலிருந்து தூக்கி எறியப்பட்டவன். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் உயிரே அவன்தான், அவன் மகன் ஜின் இல்லை.

சிக்கல் காசுயாவின் எலெக்ட்ரிக் குத்துதான், நேரம் துல்லியமாக அமைந்தால்தான் வரும். முன்னால் ஒரு தட்டு, விரலை எடுத்து, கீழே, அப்புறம் கீழ்-முன். அந்தக் கடைசி நொடியில் வலது குத்து பட்டனும் சேர்ந்தே விழ வேண்டும். துளி தாமதித்தாலும் சாதாரண குத்தாகிவிடுகிறது. எலெக்ட்ரிக்காக வந்தால் எதிராளி தடுத்தாலும் கவலையில்லை. சாதாரணமாக வந்தால் உடனே திருப்பி அடி வாங்க வேண்டும். பயிற்சி அறையில் இடதுபக்கம் நின்றால் ஓரளவு வருகிறது. வலதுபக்கம் மாறினால் விரல் தடுமாறுகிறது.

காசுயா ஆடுபவர்கள் சொல்லுங்கள்: கன்ட்ரோலரில் திசை பட்டன் நல்லதா, இல்லை லீவர்லெஸ் பெட்டி (லீவர் இல்லாமல் திசைக்கும் பட்டன்களே உள்ள கன்ட்ரோலர்) வாங்கலாமா? வலதுபக்கத்துக்கு என்ன பயிற்சி செய்தீர்கள்? முதலில் ஜின்னை ஆடிப் பழகிவிட்டு வருவது உதவுமா? ஒரே பட்டனில் அடிகளைப் போட்டுத் தரும் ஸ்பெஷல் ஸ்டைல் மட்டும் வேண்டாம், அந்தக் குத்தை என் கையாலேயே போட வேண்டும்.

அப்படியே, ஹெய்ஹாச்சியைத் திரும்பக் கொண்டுவந்தது உங்களுக்குப் பிடித்ததா? எரிமலைக் குழம்பில் விழுந்தவரை அங்கேயே விட்டிருக்கலாம் என்பது என் கருத்து.