கரடிகள் வாழும் காட்டில் நடைப்பயணம்: எந்தக் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வது?

கேள்வி (மலைப்பாதை):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்ட் மாதம் நானும் என் கல்லூரி நண்பர் ஒருவரும் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் உள்ள ரிசரெக்‌ஷன் பாஸ் பாதையில், ஹோப் என்னும் சிற்றூரில் தொடங்கிக் கூப்பர் லேண்டிங் வரை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவை ஐந்து நாள்களில் நடந்து கடக்க இருக்கிறோம். கருங்கரடியும் பழுப்புக் கரடியும் நடமாடும் பகுதி என்பதால், தற்காப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கிக்கொள்ள விரும்புகிறேன். 357 மேக்னம், 44 மேக்னம் ஆகிய இரண்டு வகைத் தோட்டாக்களைச் சுடும் ரிவால்வர்களைப் (தோட்டாக்கள் சுழலும் உருளையில் இருக்கும் கைத்துப்பாக்கி) பற்றியும், 10 மி.மீ. தோட்டாவைச் சுடும் கிளாக் 20 பிஸ்டலைப் பற்றியும் படித்து வைத்திருக்கிறேன். ஆனால் படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

என் அனுபவம் மிகக் குறைவு. கல்லூரி நாள்களில் என்.சி.சி. முகாமில் 22 ரைஃபிளால் சில முறை சுட்டதோடு சரி. நண்பர் அமெரிக்கக் குடிமகன். சில ஆண்டுகளாகத் துப்பாக்கி வைத்துப் பழகுபவர். நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மூன்றில் எதை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி (வடகாடு):

நண்பரே, எந்தத் தோட்டா என்று முடிவு செய்வதற்கு முன், உங்களுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பாயக்கூடியது. புதர் மண்டிய ஒரு திருப்பத்தில் 30 மீட்டர் தொலைவில் அதை எதிர்கொண்டால், உறையிலிருந்து உருவி, குறிபார்த்துச் சுடுவதற்கு இரண்டு விநாடிகளே உங்கள் கையில் இருக்கும். அந்த இரண்டு விநாடிக்குள் பயன்படுத்த முடியாத துப்பாக்கி, எவ்வளவு ஆற்றல் மிக்கதாக இருந்தாலும், சுமைதான்.

மூன்றில் ஆற்றல் மிக்கது 44 மேக்னம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் உதைப்பு கடுமையானது. பழகாத கையில் முதல் குண்டு பாய்ந்த பிறகு குழல் வானத்தைப் பார்க்கும், அதைத் திரும்ப இறக்கி அடுத்த குண்டைச் சுடுவதற்குள் கரடி வந்து சேர்ந்திருக்கும். எடையைக் குறைப்பதற்காக 700 கிராம் அளவிலேயே செய்யப்பட்ட 44 ரிவால்வர்களும் உண்டு. நாளெல்லாம் சுமக்க அவை இனிமையானவை. சுடும்போது மணிக்கட்டைத் தண்டிப்பவை. அவற்றைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். 357 மேக்னம் கருங்கரடிக்குப் போதுமானது. பழுப்புக் கரடிக்கு அதை நான் கீழ் எல்லையாகவே கருதுவேன். முழு வலிமையில் நிரப்பப்பட்ட 10 மி.மீ. தோட்டா இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. பெரும்பாலான 44 ரிவால்வர்கள் ஆறு தோட்டா மட்டுமே கொள்ளும்போது, கிளாக் 20 பதினைந்து கொள்ளும், உதைப்பும் தாங்கக்கூடியது. வடகிழக்குக் கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படைப்பிரிவினர் துருவக் கரடிகளை மனத்தில் வைத்து இந்தப் பிஸ்டலையே எடுத்துச் செல்கிறார்கள்.

ரிவால்வருக்கு ஒரு சிறப்பு உண்டு என்பதையும் மறுக்க மாட்டேன். கரடி மேலே விழுந்துவிட்ட நிலையில் அதன் உடலோடு அழுத்தி வைத்துச் சுட்டாலும் ரிவால்வர் வேலை செய்யும். பிஸ்டலை அவ்வாறு அழுத்தினால் மேற்பகுதி பின்னுக்குத் தள்ளப்பட்டு, சுடாமலே நின்றுவிடக்கூடும்.

துப்பாக்கியை விடத் தோட்டாவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மனிதரிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும், முனை குழிந்த தோட்டா உடலில் பட்டதும் விரிந்து, ஆழம் போகாமல் நின்றுவிடும்படி செய்யப்பட்டது. கரடியிடம் நமக்குத் தேவை அதற்கு நேர்மாறானது: அடர்ந்த உரோமம், கொழுப்பு, தசை, தடித்த எலும்பு அனைத்தையும் துளைத்து மூளையையோ முதுகுத்தண்டையோ எட்ட வேண்டும். அதற்காகவே கடினமாக வார்க்கப்பட்ட, தட்டை முனை கொண்ட, கனமான ஈயத் தோட்டாக்கள் கிடைக்கின்றன. வாங்கிய தோட்டா உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதா என்று சுட்டுப் பார்த்த பிறகே காட்டுக்குக் கொண்டுபோங்கள்.

உறையை மார்பில் அணியுங்கள். இடுப்பில் அணிந்தால் முதுகுப்பையின் இடுப்புப்பட்டை அதை மறைத்துவிடும். பைக்குள் வைத்தால் இல்லாததற்குச் சமம்.

மறுமொழி (சட்டப்படி):

மேலே உள்ள விளக்கம் நன்று. ஆனால் கேள்வியின் கடைசிப் பகுதியில் இருக்கும் ஒரு செய்தி எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பிவிடக் கூடாது என்பதால் இதை அழுத்தமாக எழுதுகிறேன். எச்-1பி உள்ளிட்ட, குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. அலாஸ்காவில் 21 வயது நிரம்பியவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பது மாநிலச் சட்டம். அது இந்தத் தடையை நீக்காது. செல்லத்தக்க வேட்டை உரிமம் ஒன்றை அமெரிக்க மாநிலம் ஒன்றிலிருந்து பெற்றிருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அந்த உரிமம் இல்லாமல் பயிற்சித் திடலில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதே சிக்கலை உண்டாக்கும். மீறினால் 15 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. விசா நிலையும் பறிபோகக்கூடும். நண்பர் குடிமகன் என்பதால் அவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆற்றைக் கடக்கும்போது சற்று நேரம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடம் தராதீர்கள். எதைச் செய்வதற்கு முன்பும் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

மறுமொழி (பனியாறு):

துப்பாக்கி கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஆயினும் பழக்கம் குறைந்த ஒருவருக்கு முதற்கருவி கரடித் தெளிப்பானே (கரடியின் முகத்தை நோக்கி மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி) என்பது என் உறுதியான கருத்து. டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலிய ஆய்வாளர்கள் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை தெளிப்பான் பயன்பட்ட 83 நிகழ்வுகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளிடம் 92 விழுக்காடும் கருங்கரடிகளிடம் 90 விழுக்காடும் அது பலித்திருந்தது. அதே குழுவினர் 2012இல் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீள்துப்பாக்கி 76 விழுக்காடும் பலித்ததாகக் கண்டார்கள். இவ்விரண்டு ஆய்வுகளையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது முறையாகாது. தெளிப்பான் ஆய்வில் வந்த கரடிகள் எல்லாம் பாய்ந்து வந்தவை அல்ல, ஆர்வத்தாலும் உணவைத் தேடியும் நெருங்கியவையும் அவற்றில் உண்டு. ஆனால் இரண்டாம் ஆய்வில் என் மனத்தில் தங்கியது வேறொன்று: துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும், கையில் இருந்தும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

தெளிப்பான் மேகம்போல் விரிவதால் நுட்பமான குறி தேவையில்லை. எதிர்க்காற்று அதன் குறை. தெளித்தவர் கண்ணே எரியலாம். இருந்தாலும் குறி தவறிய தோட்டா நண்பரைத் தாக்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால், நான் கண்ணெரிச்சலையே தேர்ந்தெடுப்பேன்.

மறுமொழி (மலைப்பாதை):

சட்டத்தைச் சுட்டிக்காட்டியவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த வாரமே கடைக்குப் போவதாக இருந்தேன். இப்போது நாங்கள் எடுத்த முடிவு: இருவரும் ஆளுக்கொரு தெளிப்பான் மார்பில் அணிவோம், நண்பர் மட்டும் தாம் ஏற்கெனவே பழகிய 10 மி.மீ. பிஸ்டலைச் சுமப்பார். தெளிப்பானை விமானத்தில் கொண்டுவர முடியுமா? அவர் சுட நேர்ந்தால் அதன்பின் என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி (வடகாடு):

நல்ல முடிவு. தெளிப்பானைப் பயணிகள் விமானத்தில் கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ கொண்டுவர முடியாது. ஆங்கரேஜில் இறங்கியதும் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தில்லாத பயிற்சிக் குப்பி ஒன்றையும் தேடி வாங்கி, முதுகுப்பையோடு நின்று, உருவிப் பாதுகாப்பு ஊக்கைத் தள்ளித் தெளிக்கும் வரையிலான அசைவைக் கை தானாகச் செய்யும் அளவுக்குப் பழகுங்கள். நண்பரும் அதேபோல் தோட்டா இல்லாத பிஸ்டலை மார்புறையிலிருந்து உருவிப் பழக வேண்டும்.

தற்காப்புக்காகக் கரடியைக் கொல்ல நேர்ந்தால், அலாஸ்காவில் நகங்களோடு கூடிய தோலையும் மண்டையோட்டையும் எடுத்து மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நாள்களுக்குள் எழுத்துமூலம் அறிக்கையும் தர வேண்டும். கனத்த கரடியின் தோலை நடுக்காட்டில் உரிப்பது பல மணி நேர வேலை. அதைச் செய்வதற்குரிய கத்தி உங்களிடம் இருக்க வேண்டும்.

பாதையின் கூப்பர் லேண்டிங் முனைக்கு அருகே ரஷ்யன் ஆறு ஓடுகிறது. கோடையில் சால்மன் மீன் ஏறும்போது பழுப்புக் கரடிகள் அங்கே கூடும். அந்தக் கடைசி நாளை மாலையில் முடிக்காமல், நல்ல வெளிச்சத்தில் உரக்கப் பேசிக்கொண்டே நடந்து முடியுங்கள்.