ஆட்டிசம், தீராத மலச்சிக்கல்: கோதுமையையும் பாலையும் நிறுத்துவதுதான் முதல் வேலையா?

கயல் (ஆக்குபேஷனல் தெரபி):
பயிற்சிக்கு வரும் பையனுக்கு வயது 6, எடை 20 கிலோ. பேச்சு இல்லை. நாலைந்து நாளுக்கு ஒருமுறைதான் கெட்டியாக மலம் போகிறான். இடையில் ஜட்டியில் தண்ணீராகக் கறை. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கிறான், ராத்திரி விழித்துக் கையைக் கடிக்கிறான். குடலைச் சரிசெய்தால் ஆட்டிசம் போய்விடும் என்று யாரோ சொன்னதால் கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தி, புரோபயாட்டிக் (நன்மை தரும் நுண்ணுயிர்கள் அடங்கிய மருந்து) தொடங்கப் போகிறார்கள் பெற்றோர். எதை முதலில் பார்க்கச் சொல்வது?

செந்தில் (குழந்தைகள் குடல்நலம்):
வயிற்றை அழுத்துவது, தூக்கம் கெடுவது, கையைக் கடிப்பது எல்லாம் வலியின் அடையாளமாக இருக்கலாம். "ஆட்டிசத்தில் இப்படித்தான்" என்று தள்ளிவிடாதீர்கள். அப்படித் தள்ளியே பல குழந்தைகள் வருடக்கணக்கில் வலியோடு இருக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர்க் கறை பெரும்பாலும் வயிற்றுப்போக்கு இல்லை. மலக்குடலில் கெட்டி மலம் அடைத்திருக்கும். அதைச் சுற்றி நீர்த்த மலம் கசிகிறது. இதற்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இறுகும்.

மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அடைப்பை உறுதிசெய்தால், வழக்கமான முறை பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடர், அதாவது மலத்தை மிருதுவாக்கும் மருந்து. அடைத்த மலத்தை வெளியேற்ற ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாள். இவனுக்கு 20 முதல் 30 கிராம். பிறகு கிலோவுக்கு 0.4 கிராமில், அதாவது சுமார் 8 கிராமில் தொடங்கி, மலம் மிருதுவாகும்வரை கூட்டிக் குறைக்கலாம். பலரும் தவறுவது இங்கேதான்: ஒரு வாரம் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். விரிந்துபோன மலக்குடல் சுருங்கவே மாதங்கள் ஆகும். குறைந்தது 2 மாதம் கொடுத்து, தொந்தரவு நின்று ஒரு மாதமாவது ஆன பிறகு, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு, வயிறு உப்பி இறுகுவது இருந்தால் பவுடரைத் தொடங்காமல் உடனே மருத்துவமனை. ஆவேசத்தைக் குறைக்கத் தரும் ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து ஓடுகிறதா என்றும் கேளுங்கள், அதுவும் மலச்சிக்கல் தரும்.

மாலதி (உணவியல்):
கோதுமையை நிறுத்தும் முன் செலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) உண்டா என்று ஒரு ரத்தப் பரிசோதனை: டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள், கூடவே மொத்த ஐஜிஏ. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் அளவு இறங்கிவிடும். செலியாக் நோய் இருந்தாலும் பரிசோதனை இல்லை என்று காட்டலாம். அப்புறம் உறுதிசெய்ய வாரக்கணக்கில் திரும்பக் கோதுமை கொடுக்க வேண்டிவரும்.

இந்தக் குழந்தைகளில் பலர் ஏற்கெனவே நாலைந்து உணவைத்தான் தொடுவார்கள். அதில் இரண்டைப் பிடுங்கினால் கால்சியம், புரதம் எங்கிருந்து வரும்? உணவுத் தேர்வு ரொம்பக் குறுகி, வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வியே வந்த ஆட்டிசக் குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஒருவேளை பால்தான் முக்கால்வாசி உணவு, நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறது என்றால் அதை அளவாக்குங்கள். மலச்சிக்கல், இரும்புச்சத்துக் குறைவு இரண்டுக்கும் அது காரணமாகலாம்.

அருள் (ஆய்வு):
ஆட்டிசக் குழந்தைகளுக்குக் குடல் தொந்தரவு அதிகம் என்பது உறுதி. ஆனால் காரணம் எது, விளைவு எது? 2021இல் ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளை வைத்து வந்த ஆய்வில், குறுகிய உணவுப் பழக்கமே குடல் நுண்ணுயிர் வகைகளைக் குறைப்பதாகத் தெரிந்தது. நுண்ணுயிர் மாற்று சிகிச்சை (ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலில் செலுத்துவது) பற்றி 2017இல் அரிசோனாவில் வந்த ஆய்வில் சிகிச்சை பெற்றது 18 குழந்தைகள்தான், போலி மருந்து கொடுத்து ஒப்பிட்ட குழுவே இல்லை. வீட்டில் அதை முயல்வது ஆபத்து: 2019இல் அமெரிக்காவில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா இதன் வழியே தொற்றி ஒருவர் இறந்தார். குளோரின் டையாக்சைடு கரைசலைக் குடலில் ஏற்றச் சொல்பவர்கள் பக்கமே போக வேண்டாம், அது வெளுப்பு ரசாயனம்.

கயல்:
நன்றி. டாய்லெட்டில் உட்கார மறுக்கிறான், அதற்கு?

செந்தில்:
வலித்த இடத்தை எந்தக் குழந்தையும் தவிர்க்கும். மலம் மிருதுவாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடுங்கள். பிறகு சாப்பிட்டு 20, 30 நிமிடத்துக்குள், குடல் தானே அசையும் நேரத்தில், 5 நிமிடம் உட்காரட்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கக் காலுக்குக் கீழே உறுதியான பலகை வையுங்கள். கால் தொங்கினால் முக்க முடியாது. ஃப்ளஷ் சத்தம் பயமென்றால் அவன் வெளியே போன பிறகு அழுத்துங்கள். உட்கார்ந்ததற்கே பாராட்டு, மலம் வந்ததற்கு மட்டும் அல்ல.