வாய்க்கால் வீட்டு உறவுகள் குழு: செனட் ஹவுஸ் பாக்கப் போன பிரியா

பிரியா: எல்லாருக்கும் வணக்கமுங். நான் இப்ப மெரினா எதுத்தாப்புல செனட் ஹவுஸ் வாசல்ல நிக்கறனுங். மெட்ராஸ் டே வாரத்துக்கு உள்ள கூட்டிட்டுப் போயி சுத்திக் காட்றாங்கன்னு ஆபீஸ் பொண்ணு ஒருத்தி இழுத்துட்டு வந்துட்டா. சேப்பாக்கத்துல செவப்பா நாலு மூலைக்கும் கோபுரம் வெச்சு நிக்குமே, அதேதானுங்

பிரியா: (போட்டோ)

பிரியா: (போட்டோ)

செந்தில் சித்தப்பா: மசூதியா அம்மிணி

பிரியா: இல்லீங் சித்தப்பா, யுனிவர்சிட்டி. மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட பழைய கட்டடம். உச்சியில வெங்காயம் மாதிரி குவிமாடம் இருக்கறதால எல்லாரும் அப்படித்தான் கேப்பாங்களாம்

கோபி அப்பாரு: கண்ணு நீ செனட் ஹவுசுக்கா போயிருக்கற. என்ற பி.ஏ. பட்டம் அங்கிருந்துதான் வந்துச்சு. இதுநாள் வரைக்கும் நான் அந்த இடத்தக் கண்ணுல கண்டதில்ல

கவின்: அப்பாரு நீங்க ஈரோடு சிக்கய்ய நாய்க்கர் காலேஜ்தானுங்களே, அதுக்கு பாரதியார் யுனிவர்சிட்டி இல்லீங்ளா

கோபி அப்பாரு: நான் படிக்கறப்ப பாரதியார் யுனிவர்சிட்டி எங்க இருந்துது. ஈரோடு கோயமுத்தூர் சேலம் எங்க படிச்சாலும் பட்டம் மெட்ராஸ் யுனிவர்சிட்டிதான் குடுக்கும்

ஈரோடு மாமா: கவின் மாப்ளே, பாரதியார் யுனிவர்சிட்டி 1982ல வந்தது. அதுக்கு முன்னாடி அது மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட பி.ஜி. சென்டரா கோயமுத்தூர்ல இருந்துச்சு. அதே வருசம் திருச்சிக்கு பாரதிதாசனையும் பிரிச்சாங்க. மதுரை அதுக்கும் முந்தி 1966லயே தனியாப் போயிருச்சு. ஒரு காலத்துல ஆந்திரா, மைசூர், கேரளா பக்கமெல்லாம் கூட இதுக்குக் கீழதான், 1916ல மைசூர், 1926ல ஆந்திரான்னு ஒவ்வொண்ணா பாகம் பிரிச்சுட்டுப் போனாங்க

செந்தில் சித்தப்பா: நம்ம காடு மாதிரியே

ஈரோடு அத்தை: காட்டுப் பேச்ச இங்க எடுக்காத செந்திலு

பிரியா: உள்ள போறமுங், அப்பறம் போடறேன்

அம்மா: பிரியா தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போனயா

ஈரோடு அத்தை: அப்பா நீங்க பட்டமளிப்பு விழாவுக்கு ஏனுங் போகல

கோபி அப்பாரு: எங்கைய்யன் விடல. பேப்பர் வாங்கறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போகோணுமா, தபால்காரன் எதுக்கு இருக்கறான்னு கேட்டுப்போட்டாரு. கருப்பு அங்கி வாடகைக்கு எடுக்கோணும், ரயில் சார்ஜ், ரெண்டு நாள் தங்கற செலவு, தோட்டத்துல ஆள் இல்ல. வராதவங்களுக்குன்னு தனி பீஸ் ஒண்ணு உண்டு, ஆப்சென்ஷியான்னு பேரு, அதைக் கட்டுனா வூட்டுக்கே வந்துரும். எங்க செட்டுல முக்காவாசிப் பேரு அப்படித்தான் வாங்குனம். தபால்ல சுருட்டி ஒரு குழாயில வந்துச்சு, எங்கம்மா அதை சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சு திருநீறு பூசிட்டாங்க. ஓரத்துல இன்னமும் அந்தக் கறை இருக்குது

கவின்: செம அப்பாரு

பிரியா: (போட்டோ)

பிரியா: (போட்டோ)

பிரியா: ஹால் உள்ளங். எப்பவும் தொறந்து வெக்கறதில்லையாம், இந்த மாதிரி விசேசத்துக்குத்தானாம். போட்டோவுல சத்தியமா ஒண்ணும் தெரியலீங். நேர்ல தலைய அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்குது, அவ்வளவு ஒசரம். வெளிய வெயிலு பொளக்குது உள்ள ஏசி இல்லாமயே சில்லுனு இருக்குது. ஜன்னலெல்லாம் கலர் கண்ணாடி, பத்து மணி வெயில் அதுக்குள்ள பூந்து தரையில நீலமும் சேப்புமா கோலம் போட்ட மாதிரி விழுகுது

செந்தில் சித்தப்பா: நடுவுல தூணே இல்லாம அவ்வளவு அகலமாங். மேல என்ன போட்டிருக்கறான் பாரு அம்மிணி, கர்டரா

பிரியா: சுத்திக் காட்றவரு ரிட்டயர்டு ஆர்க்கிடெக்ட் சித்தப்பா. கேட்டுச் சொல்றேன். ஆனா அவரு விறுவிறுன்னு போறாரு, பாதிப் பேரு செல்பி எடுக்கறதுலயே நிக்கறாங்க, கேள்வி கேக்க நெருங்கவே முடியல

ஈரோடு மாமா: கட்டுனது யாருன்னு சொன்னாரா

பிரியா: சிசம் மாமா. ராபர்ட் பெல்லோஸ் சிசம். 1874ல ஆரம்பிச்சு 1879ல முடிச்சாங்களாம். யுனிவர்சிட்டி 1857லயே வந்துருச்சு, கல்கத்தா பம்பாய் மெட்ராஸ் மூணும் ஒரே வருசம். ஆனா முதல் இருவது வருசத்துக்கு மேல இதுக்குன்னு சொந்தமா இப்படி ஒரு மண்டபம் இல்ல. லண்டன் யுனிவர்சிட்டியப் பாத்து அமைச்சதாம், அங்க மாதிரியே பாடம் நடத்தறதெல்லாம் காலேஜு, இவங்க வேலை பரீட்சை வெச்சு பட்டம் குடுக்கறது மட்டும்தான். அதனால கிளாஸ் ரூம் கட்டாம இத்தாப் பெரிய ஹாலாக் கட்டியிருக்கறாங்க

ஈரோடு மாமா: சிசம்னா ஊட்டிக்காரரு இல்ல

அம்மா: ஊட்டியா

ஈரோடு மாமா: ஊட்டியில நீலகிரி லைப்ரரி இருக்குதல்லங், செவப்புக் கட்டடம், அதுவும் அவரு வரைஞ்சதுதான். லவ்டேல் லாரன்ஸ் ஸ்கூலும் அவருதான். நம்ம ஆளுக ஊட்டி போனா கார்டன் போட்ஹவுஸ் வர்க்கி இது மூணோட திரும்பிருவம், லைப்ரரிய எவன் பாக்கறான்

பிரியா: ஆமாங் மாமா இவரும் சொன்னாரு. அப்பறம் சென்ட்ரல் ஸ்டேஷன், வேற ஒருத்தரு ஆரம்பிச்சதை இவருதான் மாத்தி கோபுரமெல்லாம் வெச்சு முடிச்சாராம். நாம ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல வந்து தூக்கக் கலக்கத்துல எறங்கி ஆட்டோக்காரரோட சண்டை போடற இடம்

செந்தில் சித்தப்பா: வெள்ளைக்காரன் ஏன் மசூதி மாதிரி கட்டுனான் அதைக் கேளு

பிரியா: கேட்டனுங். பக்கத்துலயே ஆற்காடு நவாப்போட சேப்பாக்கம் அரண்மனை இருக்குதல்லங், 1768ல கட்டுனது, 1855ல நவாப்பு வாரிசில்லாமப் போகவும் அப்பறம் அது சர்க்கார் கைக்குப் போயிருச்சு. அதை ஒட்டி சர்க்கார் கட்டடம் கட்டற வேலையெல்லாம் சிசம்கிட்டத்தான் வந்துச்சு. அந்த அரண்மனைக்குப் பொருந்தற மாதிரி இருக்கட்டும்னு முகலாயர் வளைவு, குவிமாடம், கொஞ்சம் பைசாண்டியம்னு பழைய கிழக்கு ரோமாபுரிப் பாணி, கொஞ்சம் நம்மூர்க் கல்லு வேலைன்னு எல்லாத்தையும் கலந்து கட்டிட்டாரு. இந்தோ சாரசெனிக்னு அதுக்குப் பேரு. எனக்கு வெளிய பாக்கறதவிட உள்ளதானுங் புடிச்சுது. வெளிய கொஞ்சம் ஓவரா தெரியுது, தப்பா நெனச்சுக்காதீங்க

செந்தில் சித்தப்பா: ஓவரா இருந்தாலும் நிக்குது பாரு. கம்பியே கிடையாது அம்மிணி அந்தக் காலத்துல, சிமெண்டு கான்கிரீட்டு ஒண்ணும் இல்ல. செங்கல்லு, கருங்கல்லு, சுண்ணாம்பு. செவுரு அகலத்துலதான் பாரமெல்லாம் எறங்கும், சில்லுனு இருக்கறதும் அதனாலதான், அவ்வளவு கனமான செவுத்தத் தாண்டி சூடு உள்ள வர்றதுக்குள்ள பொழுது எறங்கிரும், வந்த சூடும் மேல ஏறிப்போயிரும். நம்ம பழைய வூட்டு ஆசாரத்துல மத்தியானம் படுத்தா தெரியும். அதையும் நம்மாளுக சிமெண்டு வெச்சுப் பூசி நாசம் பண்ணியாச்சு

ஈரோடு அத்தை: ஏன் சிமெண்டு பூசுனா என்ன

செந்தில் சித்தப்பா: சுண்ணாம்புச் செவுரு மூச்சு விடும்ங் அக்கா. உள்ள ஏர்ற ஈரம் வெளிய போயிட்டே இருக்கும். மேல சிமெண்டப் பூசிட்டா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், அப்பறம் உப்பு பூக்கும், பூச்சு பொட்டுப் பொட்டா உதுரும், செங்கல்லே அரிச்சுப் போயிரும். சைட்டுல நான் சொன்னா எவன் கேக்கறான், சுண்ணாம்பு அரைக்க ஆள் எங்க, அதுல சேக்கற கடுக்காய் ஊற வெக்க நாள் எங்கன்னு என்னையத்தான் கேப்பாங்க. கடலோரத்துல உப்புக் காத்து வேற, அங்க சிமெண்டு வெச்சிருந்தா இந்நேரம் கதை முடிஞ்சிருக்கும். மராமத்து எதுல பண்ணுனாங்கன்னு கேளு அம்மிணி

பிரியா: இருங்

பிரியா: சித்தப்பா நீங்க கலக்கிட்டீங்க. 2007ல யுனிவர்சிட்டிக்கு 150 வருசம் ஆச்சுல்லங், அதையொட்டி பெரிய மராமத்து நடந்துச்சாம். சுண்ணாம்புக் கேள்வியக் கேட்டதும் அவருக்கு ஒரே சந்தோசம், யாரும்மா நீ சிவிலான்னு கேட்டாரு. எங்க சித்தப்பா கோபியில கான்ட்ராக்டருன்னு சொன்னேன். அதுக்கப்பறம் என்னைய பக்கத்துலயே நிக்க வெச்சு சுண்ணாம்பப் பத்தியே பேசறாரு, செல்பி கூட்டமெல்லாம் வெறிச்சு வெறிச்சுப் பாக்குது

செந்தில் சித்தப்பா: அப்படிப் போடு

கோபி அப்பாரு: கண்ணு மேடை எந்தப் பக்கம் இருக்குது

பிரியா: இதுதானுங் அப்பாரு (போட்டோ)

கோபி அப்பாரு: அங்கதான் வைஸ் சேன்சலரு உக்காந்திருப்பாரா

பிரியா: அந்தக் காலத்துல பட்டமளிப்பு இந்த ஹால்ல நடக்குமாமுங். நூற்றாண்டு விழா ஆடிட்டோரியம்னு இதே வளாகத்துல புதுசா ஒண்ணு கட்டிட்டாங்க, இப்ப அங்கதான். முதல் முதல்ல பட்டம் வாங்குனவங்க கதை தெரியுங்களா, 1858ல ரெண்டு பேரு, ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க. அதுல ஒருத்தரு சி.வை. தாமோதரம் பிள்ளை

கோபி அப்பாரு: தொல்காப்பியம் கலித்தொகையெல்லாம் ஏட்டுல இருந்து அச்சுல போட்டவரு. எங்க தமிழ் வாத்தியாரு அவரப் பத்தி சொல்லியிருக்கறாரு. அவருதான் முதல் பட்டதாரின்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்

ஈரோடு மாமா: பிரியா அந்த ஹால்ல சட்டசபை நடந்த கதை சொல்லலியா

பிரியா: இல்லீங்களே

ஈரோடு மாமா: அதை விட்டுட்டாரா, அதுதானே நம்ம சமாச்சாரம். 1937 எலெக்ஷன்ல காங்கிரஸ் ஜெயிச்சு ராஜாஜி பிரதமரானாரு, அப்ப முதலமைச்சருக்கு அந்தப் பேருதான். அந்தச் சட்டசபை ஜூலையில கூடுனது இதே செனட் ஹவுஸ்ல. அந்த வருசக் கடைசி வரைக்கும் அங்கதான், அடுத்த வருசம்தான் இப்ப ராஜாஜி ஹால்ங்கறாங்களே அங்க மாத்துனாங்க. அந்த மந்திரிசபையில சட்டமும் கல்வியும் யாருகிட்ட இருந்துச்சு தெரியுமா, குமாரமங்கலம் சுப்பராயன்

செந்தில் சித்தப்பா: திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துல இருக்கற குமாரமங்கலமா

ஈரோடு மாமா: அதேதான், அந்த ஊர் ஜமீன்தார். அவரு 1926ல இருந்து 30 வரைக்கும் தானே முதல் மந்திரியா இருந்தவரு, அப்பறம் ராஜாஜிகிட்ட மந்திரி. அவரு மகன் ஒருத்தரு ராணுவத் தளபதியா இருந்தவரு, மக பார்வதி கிருஷ்ணன் நம்ம கோயமுத்தூர் எம்.பி.யா இருந்தவங்க. ராஜாஜியும் சேலத்துல வக்கீலா இருந்தவரு, திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்துல ஆசிரமம் வெச்சவரு. இன்னொண்ணு கேளு, அந்தச் சபையிலதான் மதுவிலக்குச் சட்டம் கொண்டாந்தாங்க, 1937 அக்டோபர் ஒண்ணாந்தேதி முதல் முதல்ல அமலுக்கு வந்தது எந்த ஜில்லான்னா சேலம் ஜில்லா. நாமக்கல் திருச்செங்கோடெல்லாம் அப்ப அதுலதான்

செந்தில் சித்தப்பா: அடக் கெரகமே, ஆரம்பிச்சு வெச்சதே நம்ம பக்கமாங்

ஈரோடு அத்தை: உனக்கு அதுதான் கவலை

கோபி அப்பாரு: எங்கைய்யன் சொல்லுவாரு, ஆத்துக்கு அக்கட்ட சேலம் ஜில்லாவுல கள்ளுக்கடை சாத்திட்டாங்க, இக்கட்ட கோயமுத்தூர் ஜில்லாவுல தொறந்திருக்குதுன்னு, பொழுதெறங்குனா பரிசல்ல ஏறி ஆளுக வந்துருவாங்களாமா. அது இந்தக் கட்டடத்துல போட்ட சட்டத்தாலன்னு இப்பத்தான் புரியுது

கவின்: அப்பாரு இதை நான் காலேஜ் அசைன்மெண்டுல எழுதிக்கட்டுங்ளா

கோபி அப்பாரு: எழுதிக்க. எங்கைய்யன் பரிசல்ல போனாருன்னு மட்டும் எழுதாத

பிரியா: மாமா நான் இதை அவருகிட்டச் சொன்னேன், சட்டசபை நடந்தது அவருக்குத் தெரியும், சேலம் விசயத்தை சுத்திக் காட்றப்ப சொல்றதில்லையாம், இனிமே சேத்துக்கறேன்னாரு. முடிஞ்சுதுங். கோபுரத்து மேல ஏற விடல, அது ஒண்ணுதான் குறை. வெளிய வந்துட்டோம், அதோ விக்டோரியா ராணி சிலை

பிரியா: (போட்டோ)

ஈரோடு அத்தை: அப்பா நீங்களும் ஒருக்கா போயிப் பாத்துட்டு வரலாமல்லங்

கோபி அப்பாரு: எதுக்கு. பட்டம்தான் அப்பவே வந்துருச்சே

அம்மா: மாமா கார்த்திகையில தாம்பரத்துல கல்யாணம் இருக்குதுங், எப்படியும் போகத்தான வேணும்

கோபி அப்பாரு: அப்ப பூட்டியிருக்குமே. பிள்ளதான் சொல்லுதே எப்பவும் தொறக்கறதில்லன்னு

பிரியா: அவரு நம்பர் வாங்கிட்டனுங் அப்பாரு. பழைய மாணவரு, ஈரோட்டுல படிச்சு தபால்ல பட்டம் வாங்குனவருன்னு சொன்னேன். ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா பர்மிஷன் கேட்டுப் பாக்கலாம், உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. படி கொஞ்சம் இருக்குதுங், நான் கையப் புடிச்சுக்கறேன்

கோபி அப்பாரு: லெட்டர் இங்கிலீஷ்லயா தமிழ்லயா

பிரியா: எதுலனாலும் சரிங்

கோபி அப்பாரு: ரெண்டுலயும் எழுதிப்போடலாம். கவின் நாளைக்கு வெள்ளப் பேப்பர் வாங்கிட்டு வா, கோடு போட்டது வேண்டாம்

செந்தில் சித்தப்பா: அப்ப ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் பாக்கறேன். லோயர் பெர்த் ஒண்ணா ரெண்டாங்

கோபி அப்பாரு: ரெண்டு போடு. உங்கம்மா பீச்சு பாக்கோணும்னு இப்பவே பொடவை எடுத்து வெக்கறா