ராஸ்முஸ் டாலின்: மைனஸ் 36 வாங்கியவருக்கு 8.8 கோடி டாலரா?

கடைசிபெஞ்ச் (சென்னை):

ஐஸ் ஹாக்கி தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கைகொடுங்கள். எங்கள் க்ளையன்ட் பஃபலோக்காரர். இரவு எட்டு மணி வீடியோ காலில் முதல் பத்து நிமிடம் வேலைப் பேச்சே கிடையாது, அவர் ஊர் அணியான சேபர்ஸ் புராணம்தான். மற்றவர்கள் கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மாட்டிக்கொள்வது நான். போன வாரம் முழுக்க அவர்களுடைய கேப்டன் ராஸ்முஸ் டாலின் பற்றித்தான் பேசினார். சரி, அடுத்த காலில் நாமும் ரெண்டு வார்த்தை சொல்லி அசத்தலாமே என்று தேடிப் பார்த்தேன். பார்த்தால் குழப்பம்தான் மிச்சம்.

2018 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், முதல் ஆளாக எடுக்கப்பட்ட சுவீடன்காரர். ஆனால் மூன்றாவது வருடம், அதாவது 2020-21 சீசனில், 56 ஆட்டம் ஆடி பிளஸ்-மைனஸ் என்கிற கட்டத்தில் மைனஸ் 36. வட அமெரிக்காவின் முதல் தர லீக்கான என்.ஹெச்.எல். முழுவதிலும் அதுதான் கடைசி. எங்கள் ஆபீசில் இப்படி ஒரு நம்பர் வந்தால் ஹெச்.ஆர். தனியாகக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார்கள். இவருக்கோ 2021 செப்டம்பரில் மூன்று வருடத்துக்கு 1.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2023இல் இன்னும் எட்டு வருடத்துக்கு 8.8 கோடி டாலர்.

தடுப்பாட்டக்காரர் களத்தில் இருக்கும்போது எதிரணி கோலாக அடித்துத் தள்ளியிருக்கிறது என்றுதானே அந்த எண்ணுக்கு அர்த்தம்? அப்புறம் எதை நம்பி இவ்வளவு பணம்?

ஸ்கார்பரோ தம்பி:

அண்ணை, டொரண்டோவில் மேப்பிள் லீஃப்ஸ் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்குகிற காசில் எல்லை தாண்டிப் பஃபலோவுக்குப் போய், ஆட்டமும் பார்த்து, சாப்பிட்டுவிட்டும் வரலாம். அப்படிப் போய்த்தான் டாலினை முதல் சீசனிலேயே நேரில் பார்த்தேன். பக்கை (பந்துக்குப் பதில் இருக்கிற ரப்பர் வட்டு) வைத்துக்கொண்டு அவர் செய்கிற வித்தைக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனால் தன் கோலுக்கு முன்னால் ஆள் வந்து நின்றால் தள்ளி அனுப்பத் தெரியாது. பாவம், பொடியன். இப்போது அவரிடம் மோதுகிறவன்தான் பாவம். மிச்சத்தை விவரம் தெரிந்த ஆட்கள் சொல்லட்டும்.

வடகடல் காகம் (கோதன்பர்க்):

நான் இருப்பது சுவீடனில் உள்ள கோதன்பர்க். உள்ளூரில் 'யோத்தபோரி' என்றுதான் சொல்வார்கள். வந்த புதிதில் இதை உச்சரிக்கவே எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. டாலின் என்.ஹெச்.எல். போவதற்கு முன்பு ஆடியது இங்கே உள்ள ஃப்ரோலுண்டா கிளப்புக்குத்தான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த எண். ஒரு அணி கோல் போட்டால் அந்த நேரம் பனியில் இருந்த அதன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் பிளஸ் ஒன்று, வாங்கிய அணியில் இருந்தவர்களுக்கு மைனஸ் ஒன்று. ஆனால் பவர் ப்ளேயில், அதாவது எதிராளி ஒருவர் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது போட்ட கோலுக்கு பிளஸ் கிடையாது. டாலின் புள்ளிகள் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு வழிசெய்த அசிஸ்ட்டுக்கு ஒன்று) சேர்க்கிற முக்கியமான இடமே பவர் ப்ளேதான். அந்த வரவு இந்தக் கணக்கில் ஏறாது.

இன்னொன்று இருக்கிறது. தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி இரண்டு நிமிடத்தில் கோல் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கும். அப்போது யாரை அனுப்புவார்கள்? கோல் போடத் தெரிந்தவர்களை. எதிரணி பக்கைப் பறித்துக் காலி வலைக்குள் தட்டிவிட்டால் அதற்கும் மைனஸ் உண்டு. நாள்தோறும் தோற்கிற அணியில் இருக்கிற கெட்டிக்கார டிஃபென்ஸ்மேனுக்கு (தடுப்பாட்டக்காரருக்கு) இது வாராவாரம் கட்டுகிற வட்டி மாதிரி.

2020-21இல் சேபர்ஸ் எப்படி இருந்தது தெரியுமா? லீக்கில் கடைசி இடம். நடுவில் தொடர்ந்து 18 ஆட்டம் ஜெயிக்கவே இல்லை. கோவிட் காலம் என்பதால் தன் பிரிவில் இருந்த ஏழு அணிகளோடு மட்டும் மாறி மாறி ஆட வேண்டிய சீசன். அப்போதைய கேப்டன் ஜாக் ஐக்கெல் கழுத்தில் அடிபட்டு மார்ச்சிலேயே ஆட்டத்திலிருந்து விலகிவிட்டார். அதே மார்ச்சில் பயிற்சியாளர் ரால்ஃப் க்ரூகரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்காக எல்லாப் பழியையும் அணிமேல் போட்டுவிட்டு டாலினைக் காப்பாற்ற மாட்டேன். தப்பு அவரிடமும் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று சொன்னால்தான் புரியும்.

பையன் பிறந்தது 2000 ஏப்ரலில், ட்ரோல்ஹெட்டானில். வளர்ந்தது வேனர்ன் ஏரிக்கரையில் உள்ள லீட்ஷோப்பிங் என்கிற சிறிய ஊரில் (எழுத்தைப் பார்த்தால் லிட்கோப்பிங் என்று படிப்பீர்கள், படிக்காதீர்கள்). அங்கிருந்து ஃப்ரோலுண்டாவின் இளையோர் அணி. 2016 நவம்பரில், 16 வயதில், சுவீடனின் முதல் தர லீக்கான எஸ்.ஹெச்.எல்.லில் இறங்கிவிட்டார். எதிரே ஆடுகிறவர்களில் சிலருக்கு வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கும்.

2017 இலையுதிர் காலத்தில் ஸ்காண்டினேவியம் அரங்கில் நான் பார்த்த ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தன் கோலுக்குப் பின்னால், களத்தைச் சுற்றியிருக்கும் பலகையோரம், டாலினிடம் பக். எதிரணி ஆள் ஒருவர் முழு வேகத்தில் வருகிறார். வேறு யாராக இருந்தாலும் பலகையில் அடித்து வெளியே அனுப்பிவிடுவார்கள். இவர் நின்றார். சும்மா நின்றார். வந்தவர் ஒரு கை நீளத்துக்குள் வந்த பிறகு இடுப்பை மட்டும் திருப்பினார். அவ்வளவுதான், வந்தவர் பலகையில் போய் மோதிக்கொண்டார், பக் இவரோடு நடுக்களத்தில் இருந்தது. கூட்டம் சிரித்துவிட்டது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அமெரிக்காவில் இதைச் செய்தால் பல் போகும் என்றார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. சுவீடனில் வழக்கமான களம் 60க்கு 30 மீட்டர். என்.ஹெச்.எல். களம் நீளத்தில் கிட்டத்தட்ட அதே 61 மீட்டர், அகலம் மட்டும் 26தான். நாலு மீட்டர் குறைந்தால் ஓரத்திலிருந்து ஆள் வந்து சேர்கிற நேரமும் குறையும். இங்கே ஒரு விநாடி நின்று யோசிக்கலாம் என்றால் அங்கே பாதிதான். இங்கே கைதட்டல் வாங்கிக் கொடுத்த பழக்கம் அங்கே கோல் வாங்கிக் கொடுத்தது.

என் மகள் இங்கே ஸ்கேட்டிங் வகுப்புக்குப் போகிறாள். ஞாயிறு காலை, உடைமாற்றும் அறையில் அப்பாக்கள் எல்லாம் முட்டிபோட்டு உட்கார்ந்து பிள்ளைகளின் ஸ்கேட் கயிறு இறுக்கிக்கொண்டிருப்போம், விரலே சிவந்துவிடும். குழந்தைகளுக்கு அங்கே திரும்பத் திரும்பச் சொல்லித் தருவது பின்பக்கமாகச் சறுக்குவது. ஆளைப் பார்த்தபடியே பின்னால் போக வேண்டும், பக்கைப் பார்க்காதே, நெஞ்சைப் பார். கேட்க எளிது. 18 வயதுப் பையன் உலகின் வேகமான முன்வரிசை ஆட்டக்காரர்களுக்கு எதிரே, அப்போதைய கணக்கில் வருடத்துக்கு 82 ஆட்டம் அதைச் செய்ய வேண்டும் என்றால்? முன்வரிசையில் ஆடுகிறவன் தப்பு செய்தால் அவனுக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். டிஃபென்ஸ்மேன் தப்பு செய்தால் பின்னால் கோல் கீப்பர் மட்டும்தான். அதனால்தான் 18 வயதில் நேரே என்.ஹெச்.எல்.லில் டிஃபென்ஸ்மேனாக நிலைப்பவர்கள் மிகக் குறைவு.

டாலின் அதைச் செய்தார் என்பதைக் கவனியுங்கள். 2018-19இல் 82 ஆட்டமும் ஆடினார். 9 கோல், 35 அசிஸ்ட், மொத்தம் 44 புள்ளிகள். டிஃபென்ஸ்மேன்களில் ஜாம்பவானான பாபி ஆர் 18 வயதில் எடுத்தது 41. அந்த வயது டிஃபென்ஸ்மேன்களில் இவரைவிட அதிகம் எடுத்தவர் ஒருவர்தான், 1982-83இல் 66 புள்ளிகள் எடுத்த ஃபில் ஹவுஸ்லி. அவரும் சேபர்ஸ்காரர். இதில் வேடிக்கை என்னவென்றால், டாலினின் முதல் வருடப் பயிற்சியாளர் அதே ஹவுஸ்லிதான்! சீசன் முடிந்ததும் அவரையும் மாற்றிவிட்டார்கள். மூன்று வருடத்தில் மூன்று பயிற்சியாளர்கள்.

கடைசிபெஞ்ச்:

அடேயப்பா. காலி வலை விஷயம் ஒன்றே போதும், க்ளையன்ட் அசந்துவிடுவார். ஒரு சந்தேகம். பையன்மேல் அவ்வளவு நம்பிக்கை என்றால் 2021லேயே எட்டு வருடம் போட்டிருக்கலாமே, ஏன் மூன்று?

நாலாவது ஷிஃப்ட்:

குறுக்கே வருகிறேன். பயிற்சியாளர், களத்தின் அகலம், கோவிட் எல்லாம் சரி. ஆனால் காகம் அண்ணன் அந்தப் பெரியவரின் பேச்சை ரசித்து எழுதினாரே தவிர, அதன் இன்னொரு பக்கத்தைத் தொடவில்லை. 2020-21 ஆட்டங்களைப் போட்டுப் பாருங்கள். டாலின் பக்கை எடுத்ததும் அவசரமாகக் களத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியோடு அடித்து வெளியே தள்ளிக்கொண்டிருப்பார். தப்பு செய்யாதே என்று மண்டையில் ஏற்றினால் இப்படித்தான் ஆகும். நின்று ஆடியதால் வாங்கிய கோலைவிட, நிற்கப் பயந்து பக்கை எதிராளி கையில் கொடுத்து வாங்கிய கோல்தான் அதிகம் என்பேன். எண்ணிப் பார்க்கவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

வடகடல் காகம்:

ஷிஃப்ட், நீங்கள் சொல்வது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். க்ரூகருக்குப் பிறகு வந்த டான் கிரனாட்டோ செய்த முதல் காரியமே அந்தப் பயத்தை எடுத்ததுதான். பக்கை வைத்து ஆடு, தப்பு வந்தால் வரட்டும் என்று விட்டார். அடுத்த சீசனில் 53 புள்ளிகள், லீக்கின் நட்சத்திரங்கள் ஆடுகிற ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கு அழைப்பு. அதற்கடுத்த 2022-23இல் முதல் ஐந்து ஆட்டத்திலும் கோல். சீசனை அப்படித் தொடங்கிய டிஃபென்ஸ்மேன் அதற்கு முன் என்.ஹெச்.எல்.லில் யாரும் இல்லை. அந்த வருடம் மொத்தம் 73 புள்ளிகள்.

பெஞ்ச், உங்கள் மூன்று வருடக் கேள்விக்கு வருகிறேன். 18 வயதில் வருகிறவருக்கு முதல் ஒப்பந்தம் மூன்று வருடம், சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு. அது முடிந்தாலும் அவர் நினைத்த கிளப்புக்குப் போய்விட முடியாது, உரிமை பழைய கிளப்பிடம்தான். மைனஸ் 36 முடிந்த கையோடு நீண்ட ஒப்பந்தம் பேசினால் ஆட்டக்காரருக்கு நஷ்டம், விலை அடிமட்டத்தில் இருக்கும். கிளப்புக்கும் பயம், ஒருவேளை அந்த எண்தான் உண்மையோ என்று. ஆகவே நடுவில் ஒரு பாலம் போட்டார்கள், வருடத்துக்கு 60 லட்சம் டாலர். 2023 அக்டோபரில் பயம் தெளிந்ததும் வருடத்துக்கு 1.1 கோடி. காத்திருந்ததில் லாபம் டாலினுக்குத்தான்.

உங்கள் க்ளையன்டிடம் சொல்ல ஒன்று தருகிறேன். 2018 ஜனவரியில் முடிந்த உலக ஜூனியர் கோப்பை (20 வயதுக்கு உட்பட்டோருக்கானது) நடந்தது பஃபலோவில். இறுதிப் போட்டியில் சுவீடன் கனடாவிடம் 3-1 என்று தோற்றது. சுவீடன் கேப்டன் லியாஸ் ஆண்டர்சன் கோபத்தில் வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டார், பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின. அதே போட்டித் தொடரின் சிறந்த டிஃபென்ஸ்மேன் விருது 17 வயது டாலினுக்கு. ஐந்து மாதம் கழித்து அதே ஊர் கிளப் அவரை முதல் ஆளாக எடுத்தது. சுவீடனிலிருந்து முதல் எண்ணில் போனவர் அதற்கு முன் 1989இல் மாட்ஸ் சுண்டின் மட்டும்தான். விக்டர் ஹெட்மன்கூட 2009இல் இரண்டாவது.

ஸ்கார்பரோ தம்பி:

அந்த இறுதிப் போட்டிக்கு இங்கிருந்து போன கனடாக் கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை. என்ர சிநேகிதன் ஒருவன் போனவன். பதக்கம் தன் தலைக்கு மேலால் போனது என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறான். எத்தனை பேர் தலைக்கு மேலால்தான் அது போனதோ!

கடைசிபெஞ்ச்:

நேற்று கால் முடிந்தது. காலி வலைக் கணக்கை எடுத்துவிட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசவே இல்லை, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள். 2024-25 முடிய 14 வருடம் பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) பக்கமே போகாத கதை, 18 ஆட்டத் தோல்விக் கதை என்று நாற்பது நிமிடம். டெமோ காட்டவே இல்லை. மேனேஜர் தனியாக மெசேஜ் போட்டிருக்கிறார்: "இனிமே ஹாக்கி பத்தி நீ வாயைத் திறக்காதே."